பின்விளைவு: இல்லை

செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டரில்
ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்
பதினோரு பெண்கள்.

பக்கத்து நாற்காலிக்காரி
என் முகத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"நீங்க சகாயம் சிஸ்டருதானே?
சாக்கோட்டையில இருந்தியளே?"

இருந்தேன்.
ஒரு சைக்கிள், நீலக் கரை வெள்ளைச் சேலை,
வருஷத்துக்கு அறுபது ஆள் என்று எழுதிய டைரி.
மார்ச் பிறந்தால் தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருப்பேன்:
யாருக்கு இரண்டு ஆயிற்று,
யாருக்கு மூன்றாவது வயிற்றில்,
எந்த வீட்டில் மாமியார் இன்று ஊரில் இல்லை.

"நான் அடைக்கி. புதுவயல் மில்லுல நெல்லு காய வச்சவ."
நினைவில்லை.
முகங்கள் நினைவில்லை,
வயிறுகள் கொஞ்சம் இருக்கின்றன.

அன்றைக்குக் கட்டில் ஆறு, வந்தவர்கள் முப்பத்திரண்டு.
பூட்டிக் கிடந்த செட்டியார் வீட்டைத் திறக்கச் சொல்லி
மிச்சப் பேரை வளவுத் தரையில் வரிசையாகக் கிடத்தினோம்.
மயக்கம் தெளிந்ததும் எல்லாரும் முதலில் சொன்னது
குளிருது.
ஆத்தங்குடிக் கல் அப்படித்தான்,
வெயிலுக்கென்று பதித்தது.
ஒன்பது பெற்ற ஆச்சிகள்
சுவரில் சட்டத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரகளுக்குத்தான் மொதல்ல சொன்னிய,
ஆம்பளைக்குப் பத்து நிமிச வேலைன்னிய.
மூட்டை தூக்குறவன், நரம்பு செத்துப்போகும்னுட்டாக."
சிரித்தாள். சிரித்ததும் தொடையை இறுக்கிக்கொண்டாள்.
"ஏழாம் நா தையல் பிரிச்சிய.
எட்டாம் நா நானும் மூட்டைதான் தூக்குனேன்."

டைரியில் கடைசிக் கட்டம், பின்விளைவு.
ஏழாம் நாளே எல்லாருக்கும் இல்லை எழுதிவிடுவேன்.
எட்டாம் நாளுக்குக் கட்டம் கிடையாது.

அவளுக்கு அடி இறங்கிவிட்டது.
இருமினால் சேலை நனைகிறது.
கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்களாம்.
"எடுங்கன்னுட்டேன். காலியாக் கெடக்குற பைதானே."
அந்த ஆபரேஷனால இது வந்துச்சா, என்றாள்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று
படித்ததைச் சொன்னேன். பொய் சொல்லவில்லை.
மூட்டையைப் பற்றி என்ன படித்தீர்கள் என்று
அவள் கேட்கவில்லை.

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.
அந்த மாதக் கடைசியில் கணக்கு ஐம்பத்தொன்பதில் நின்றது.
சம்பளத்தை நிறுத்துவேன் என்றார் ஆபீசர்.
வருகிறேன் என்ற மாத்தூர்க்காரி
விடியுமுன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.
என் பெயரை எழுதினேன்.
வயது இருபத்தெட்டு.
உயிரோடுள்ள குழந்தைகள்: ஒன்று.
அதை இரண்டாக்கினேன், கை நடுங்காமல்.
காகிதத்தில் எனக்கு இன்றைக்கும் இரண்டு.

அடைக்கி வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"ஒங்களுக்குக் குடம் குடுத்தாகளா?"
கொடுத்தார்கள். பச்சை.
"எனக்குச் செவப்பு. மறு வருசமே ஓட்டை."

பதினாலு, என்று கூப்பிட்டார்கள்.
எழுந்தவள் இரண்டடியில் நின்று, மூச்சை அடக்கி,
மஞ்சள் பையை என் மடியில் வைத்துவிட்டு
அரை அடி அரை அடியாகப் போனாள்.

பைக்குள் ஆஸ்பத்திரிப் படிவம்.
குடும்பநல அறுவை: ஆம்.
தேதி: வெறும் கோடு.
எனக்கு முகம்தான் மறந்துபோகும்.
புதுவயல் முகாம், மார்ச் பன்னிரண்டு, தொண்ணூற்று மூன்று.
எழுதினேன்.
கீழே கொஞ்சம் இடம் இருந்தது.
எட்டாம் நாள் வேலைக்குப் போனார், நெல் மூட்டை
என்றும் எழுதினேன்.

எத்தனை கிலோ என்று
வெளியே வந்ததும் கேட்க வேண்டும்.